ஆவணியில் நின்றுபோன காலண்டர்

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வரும் அக்கா தங்கச்சிகளே, போன வருஷம் எங்கள் வீட்டுக் காலண்டர் ஆவணி மாதத்தோடு நின்றுபோனது. நம்ம மாரியாத்தா அதை எப்படி ஓட வைத்தாள் என்று உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

குடவாசல் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. பங்குனியில் என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி என்றார்கள். புற்றுநோய். தஞ்சாவூருக்குப் போய்வந்து கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தோம், மருந்து ஏற்றினோம். ஆவணியில் டாக்டரம்மா, "கட்டி கரைஞ்சிடுச்சும்மா, இனிமே நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டி போனது, மனுஷர் திரும்பி வரவில்லை. சம்பா நடவை ஆள் வைத்து நான்தான் முடித்தேன். அவர் வயல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள், "தை அறுப்போட நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடு. அடுத்த வெள்ளாமைய யாரு இருந்து பார்க்கப் போறா?" என்றார்.

காலையில் காலண்டர் தாளைக் கிழித்து, எல்லோருடைய ராசிபலனையும் சத்தமாகப் படிப்பது முப்பது வருஷமாக அவர் வேலை. ஆவணியோடு அதையும் விட்டுவிட்டார். நானும் கிழிக்கவில்லை. என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா? மாரியம்மன் முன்னால் நின்று நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆத்தா, நூறு வருஷமெல்லாம் கேக்கல. அந்தத் தாளை அவர் கையால கிழிக்க வை."

புரட்டாசி போனது. ஐப்பசி, கார்த்திகை போயின. "உனக்குக் காது இருக்கா இல்லையா?" என்று ஆத்தாவிடம் சண்டைகூடப் போட்டேன்.

மார்கழி பிறந்த நாலாம் நாள் காலை, கோயில் பொங்கலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன். கூடம் முழுக்கத் தாள்கள். நின்றுபோன நாலு மாதத்தையும் கிழித்துப் பரப்பி, பின்பக்கத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருக்கிறார்.

"காவிரி எங்க பொறக்குதுன்னு நாம பார்த்ததே இல்லையே. மாசியில அறுப்பு முடிஞ்சிருக்கும். பைக்கிலயே தலைக்காவேரி போயிட்டு வந்துடலாமா?" என்றார்.

கேட்டது நான்தான். அதுக்காக இப்படியா கொடுப்பாள்? ஐம்பத்தெட்டு வயசு, தேறிவரும் உடம்பு, பழைய வண்டி. போகிற வழியெல்லாம் காடும் மலையும் பனியும். மகள் போனில், "அப்பாவுக்குத்தான் புத்தி இல்லன்னா உனக்குமாம்மா?" என்று கத்தினாள். மறுநாள் காலையில் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அடுப்படியில் நிற்கும்போது தாள் கிழியும் சத்தம் கேட்டது. "டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்" என்றேன்.

டாக்டரம்மாவே சிரித்துக்கொண்டு சம்மதித்தார். மெதுவாகப் போகச் சொன்னார். ஆனால் அந்தத் தாள்களில் என் வீட்டுக்காரர் போட்ட திட்டம் நம் ஊர் ஆள் போட்ட திட்டம். குடவாசலிலிருந்து தஞ்சாவூர் போகிற அதே வேகத்தைச் சத்தியமங்கலம் தாண்டி வரும் திம்பம் மலைக்கும் எழுதியிருந்தார். நாங்கள் வாழ்க்கையில் ஏறிய பெரிய மேடு ரயில்வே மேம்பாலம்தானே.

மாசியில் கிளம்பினோம். திம்பத்தில் மூன்றாவது வளைவிலேயே வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி டிரைவர், "ஐயா, ஒண்ணாவது கியர்ல ஏறுங்க! அம்மா, நீங்க எறங்கி நடங்க!" என்றார். ஒவ்வொரு செங்குத்து வளைவிலும் நான் மூச்சு வாங்க நடந்து வருவேன், அவர் மேலே காத்திருப்பார். என் நடையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வருஷம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

அதற்கு மேலே காட்டில், குட்டியோடு யானைகள் ரோட்டைக் கடந்தன. எல்லா வண்டிகளும் நின்றன. நான் கும்பிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை தலைக்காவேரி. அருவி மாதிரி கொட்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு சின்னத் தொட்டி, அவ்வளவுதான். சுற்றிலும் மலைக்குப் பின்னால் மலை, பனிக்குள் மறைந்து போகிறது. இந்தத் தண்ணீரா கல்லணை தாண்டி எங்கள் வாய்க்கால் வரைக்கும் வருகிறது? இவ்வளவு சின்னதிலிருந்தா அத்தனை சோறு? உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் ஆத்தாவிடம் கேட்டதும் ஒரே ஒரு தாள்தானே.

அவர் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "நிலத்தைக் குத்தகைக்கு விட வேண்டாம். அடுத்த வெள்ளாமை குறுவைக்கு நாத்தங்கால இந்தத் தடவை வடக்கு மூலையில போடுவோம்."

நாத்தங்காலில் ஊற்ற அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் ஏதாவது நின்றுபோயிருந்தால் ஆத்தாவிடம் கேளுங்கள். சின்னதாகக் கேட்டாலும் போதும். கேட்டது நீங்கள் நினைக்காத வேஷத்தில் வாசலுக்கு வந்தால், பயந்து கதவைச் சாத்திவிடாதீர்கள்.

இன்று காலையும் தாளைக் கிழித்தார். என் ராசிக்கு "அலைச்சல்" என்று படித்தார்.

"எந்த மலைக்குங்க?" என்று கேட்டேன்.