ஒப்பம் வைத்தும் பெயர் மாறாத கார்

அப்பா காரை விற்ற அன்று அவரும் நானும், வாங்கிய கரடியனாற்றுத் தவம் அண்ணனும் இருந்தோம். விபரம் தெரிந்தவர் ஒருவரும் இருக்கவில்லை. வீட்டில் முதன்முதல் படித்தவன் என்ற துணிவில், "பெயர் மாத்துற படிவத்தில ஒப்பம் வைச்சாப் போதும்" என்றேன். அதை எவரும் கச்சேரியில், வாகனப் பதிவு செய்யும் அரச அலுவலகத்தில், கொடுக்கவில்லை.

அது யுத்த காலம். இரண்டு மாதத்தில் கார் அச்சு உடைந்து, இராணுவச் சோதனைச்சாவடிக்கு அருகே ஆளில்லாமல் நின்றது. உள்ளே குண்டு இருக்குமென்று சந்தேகித்தவர்கள், பதிவிலிருந்த பெயரைப் பார்த்து அப்பாவைப் பிடித்துப்போனார்கள்.

தவம் அண்ணனின் பெயர் எந்தக் கடதாசியிலும் இல்லை, பேசாமல் இருந்திருக்கலாம். கேள்விப்பட்டதும் தானாகவே முகாமுக்குப் போய், "விட்டுட்டுப் போனது நான்" என்றார். பின்னேரம் இருவரையும் விட்டார்கள்.

"பயமில்லையா அண்ணன்?" என்று கேட்டேன்.

"பயந்தான் மனே. கார் ஓடினது நான், அடி வாங்கிறது உன்ட அப்பாவா?"

இப்போது ஊரில் யார் வாகனம் விற்றாலும் கூடவே போய்ப் பெயரை மாற்றிக் கொடுக்கிறேன். பிறகு அந்தக் காரின் பெயரை மாற்ற எங்களுக்குச் செலவானது, பஸ் காசோடு நூற்றெண்பது ரூபாய்தான்.