தினேஸ்வரி கண்டுபிடித்த தொள்ளாயிரம் கிராம்

சிலிபின் வட்டாரத்தில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில்தான் எங்கள் ரத்தச் சுத்திகரிப்பு மையம் இருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி காலையில் என் முறை. நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப்போட்ட மாதிரி சாய்ந்து கிடக்க வேண்டும். முப்பது வருஷம் லோரி ஓட்டியவனுக்கு இது சின்னத் தண்டனை இல்லை. என் பெயர் சீனி. எனக்கு வந்ததும் இனிப்புநீர், சர்க்கரை வியாதி. அதில்தான் சிறுநீரகம் போனது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை, அங்கே உதவித் தாதியாக இருக்கும் தினேஸ்வரியைப் பற்றி.

தினேஸ்வரிக்கு முப்பத்தெட்டு வயது. சிலிம் ரிவர் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். கம்பியூட்டர் படிக்க ஆசைப்பட்டாள். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான எஸ்.டி.பி.எம். முடித்த வருஷம் அப்பா தவறிப்போனார், அதனால் கையுறை ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனாள். பிறகு இந்த மையத்துக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. எங்களை நிறுத்தி எடை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, எல்லாவற்றையும் எழுதி வைப்பது அவள் வேலை. ஊசி குத்தும்போது கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கச் சொல்வாள். எனக்கு வலித்ததே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயம் இருந்ததில்லை.

போன வருஷம் என் காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதிலிருந்து சக்கர நாற்காலிதான். மைய வாசலில் நாற்காலிகள் வரிசையாக நிற்கும். கையில் கிடைத்ததில் என்னை உட்காரவைத்து, நாற்காலியோடு எடை மேடையில் ஏற்றுவார்கள். சுவரில் ‘நாற்காலி 14.2 கிலோ’ என்று ஒட்டியிருக்கும். அதைக் கழித்தால் என் எடை. டாக்டர் குறித்த அளவுக்கு மேல் கூடியிருக்கும் எடை முழுக்கத் தண்ணீர் என்று கணக்கு. அதை இயந்திரம் உறிஞ்சி எடுத்துவிடும்.

ஏப்ரல் மாதத்திலிருந்து எனக்கு ஏதோ ஆனது. மூன்றாவது மணி நேரம் வரும்போது கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கும். பிரஷர் சரேலென்று இறங்கும். கண் இருட்டும். இரண்டு தடவை மயங்கிவிட்டேன். எல்லா நாளும் இல்லை. ஒரு நாள் நன்றாக இருப்பேன், அடுத்த நாள் உயிர் போய்த் திரும்பும்.

“சீனி அண்ணே, மூணு கிலோ ஏறியிருக்கு. என்ன குடிச்சீங்க?” என்று கேட்பார் தலைமைத் தாதி சாந்தினி.

“ஒன்னும் குடிக்கலமா. ஐஸ் கட்டிதான் சப்புனேன். அதையும் எண்ணித்தான் சப்புறேன்.”

நம்பமாட்டார். வீட்டில் என் மனைவி செல்லாயியும் நம்பவில்லை. நான் குளிக்கப் போனால்கூட வெளியே நின்று, “உள்ள என்ன சத்தம்?” என்பாள். அறுபத்தொரு வயதில், தண்ணீர் திருடிக் குடிக்கிறவன் என்று பெயர் வாங்கினேன். கால் வலியைவிட அதுதான் அதிகம் வலித்தது.

ஒரு வியாழக்கிழமை மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது தினேஸ்வரி என் காலைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தாள்.

“நான் குடிக்கலமா,” என்றேன்.

“தெரியும் அண்ணே,” என்றாள். “குடிச்சா உங்க கால் வீங்கியிருக்கும். வீக்கமே இல்ல.”

அந்தச் சொல் எனக்கு மருந்து மாதிரி இருந்தது.

அவள் சாந்தினியிடம் போய், ஆறு மாதத்து எடை, பிரஷர் விவரங்களை வைத்து ஒன்று பார்க்கட்டுமா என்று கேட்டாள். பெயர்களை எடுத்துவிட்டு நம்பர் மட்டும் போடுவதானால் சரி, மையத்து லேப்டாப்பிலேயே வைத்துப் பார் என்று சாந்தினி அனுமதி கொடுத்தார். அன்றிலிருந்து தன் ஓய்வு நேரத்தில், என் நாற்காலிக்கு எதிரே இருக்கும் மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிடுவாள்.

“ஜூப்பிட்டர்னு ஒன்னு இருக்கு அண்ணே. நோட்டுப்புத்தகம் மாதிரி. ஒரு கட்டத்துல கணக்க எழுதி ஓட்டுனா, அதுக்குக் கீழேயே விடையும் படமும் வரும். தப்பா இருந்தா அங்கேயே மாத்தி மறுபடி ஓட்டலாம்.”

“ஜூப்பிட்டர்னா வியாழன்தானே? குரு பார்க்க கோடி நன்மை. போடுமா.”

“போட்டா லேப்டாப்புல ஏறமாட்டேங்குதுலா!”

மூன்று நாள் ஏறவில்லை. ‘அப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்று திரை அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நான்காவது நாள் எப்படியோ ஏறியது. கோடுகள் போட்டுப் பார்த்தாள். இருபத்தேழு பேருடைய கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, கோழி கிளறிய மாதிரி கிடந்தன. அதற்குத் தோதாக ஒரு கூடுதல் பாகம் இருக்கிறதாம். அதைச் சேர்த்தால் திரையிலேயே ஒரு பட்டியலும் இழுக்கிற குமிழும் வரும், ஆளையும் தேதியையும் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். சேர்த்தாள். குமிழ் வரவில்லை. அது வரவேண்டிய இடத்தில் ஒரு வரி எழுத்துதான் வந்தது.

இணையத்தில் இதற்கென்று இருக்கும் மன்றத்தில் கேள்வியை எழுதிப் போட்டாள். மறுநாள் ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, பதில் எழுதியிருந்தார். கணக்கை ஓட்டும் பைத்தான் என்ற கம்பியூட்டர் மொழி லேப்டாப்பில் இரண்டு தடவை ஏறியிருக்கிறது. ஜூப்பிட்டர் நோட்புக் அதில் ஒன்றில் ஓடுகிறது, கூடுதல் பாகத்தை நீ இன்னொன்றில் போட்டிருக்கிறாய் என்று, ஒவ்வொரு படியாக விளக்கியிருந்தார். தினேஸ்வரி எல்லாவற்றையும் கழற்றி ஒரே இடத்தில் புதிதாகப் போட்டாள். குமிழ் வந்தது. அவள் கத்திய கத்தலில் பக்கத்து இயந்திரத்திலிருந்த லியாகத் அலி அண்ணன் திடுக்கிட்டு விழித்துக்கொண்டார். அவருக்குச் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை. அவரும் என்னைப் போலவே, சில நாள் நன்றாக இருந்து சில நாள் சுருண்டு போகிறவர்.

குமிழை இழுத்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. இப்படி விட்டுவிட்டுக் கஷ்டப்படுகிறவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் சக்கர நாற்காலி. நடந்து வருகிறவர்களில் ஒருவர்கூட இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம், யார் எந்த நாற்காலியில் வருகிறார்கள் என்று அவளே நம்பர் எழுதி ஒட்டிக் குறித்துக்கொண்டாள். நோட்புக்கில் நாற்காலிக்கும் ஒரு பட்டியல் சேர்த்தாள். அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவளே பார்த்துப் பார்த்து எழுதியது. ஒரு சனிக்கிழமை காலை அந்தப் பட்டியலில் நான்கை அழுத்தினாள், ஆறை அழுத்தினாள், எட்டை அழுத்தினாள்; எட்டில் வந்ததெல்லாம் பிரஷர் இறங்கிய நாட்கள். உடனே எழுந்து போய், எட்டாம் நம்பர் நாற்காலியைக் காலியாகத் தள்ளிக்கொண்டு வந்து எடை மேடையில் ஏற்றினாள்.

15.1.

“அக்கா, இங்க வாங்களேன்,” என்று சாந்தினியைக் கூப்பிட்டாள்.

ஏப்ரலில் யாரோ புண்ணியவான் மூன்று புது நாற்காலிகளை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். பார்க்க எல்லாம் ஒரே நீலம். எடை மட்டும் தொள்ளாயிரம் கிராம் கூட. சுவரிலிருந்த நம்பரை யாரும் மாற்றவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்த அன்றெல்லாம், எங்கள் உடம்பில் இல்லாத தொள்ளாயிரம் கிராம் தண்ணீரை இயந்திரம் தேடித் தேடி உறிஞ்சியிருக்கிறது.

சாந்தினி நேராக என்னிடம் வந்தார். “அண்ணே, உங்களச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிருங்க,” என்றார். மற்றவர்களிடமும் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னார். அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? அன்றே டாக்டருக்குத் தகவல் போனது. அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் அதனதன் எடை. எனக்கு அதற்குப் பிறகு மயக்கம் வரவில்லை. விஷயத்தைக் கேட்ட செல்லாயி, சாயங்காலம் எனக்குப் பிடித்த நெத்திலி சம்பல் செய்து, உப்பைக் குறைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினாள். அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த வழி அதுதான்.

லியாகத் அலி அண்ணன் கடையிலிருந்து மையத்துத் தாதிகள் எல்லோருக்கும் பிரியாணி வந்தது.

“இந்தக் கம்பியூட்டர் சாமான் வாங்க எவ்வளவுமா ஆச்சு? நாங்க அஞ்சு பேரும் சேர்ந்து கொடுத்துர்றோம்,” என்றார்.

“காசே இல்ல அண்ணே. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பார்க்கலாம், சேர்க்கலாம்.”

“சும்மாவா? செஞ்சவன் யாரு?”

“ஒருத்தர் இல்ல, ஆயிரம் பேர் இருக்கும். கோத்தோங் ரோயோங் மாதிரிதான். ஆளுக்குக் கொஞ்சம் செஞ்சு வச்சிருக்காங்க. கோயில் திருவிழாவுக்கு நம்மளும் எல்லாருமாச் சேர்ந்து இடத்தக் கூட்டிப் பெருக்குறோமே, அதே மாதிரி.”

“முகம் தெரியாத ஆளுங்க,” என்றார் லியாகத் அலி அண்ணன். “அவங்களுக்கும் சேர்த்துத் துவா செய்றேன்.”

தினேஸ்வரி அந்த மன்றத்துக்காரருக்கு நன்றி எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். “ஐந்து பேர் இப்போது நன்றாக இருக்கிறார்கள்” என்று மட்டும் எழுதியதாகச் சொன்னாள். அவர் பதிலுக்கு ஒரு சிரித்த முகம் அனுப்பியிருந்தாராம்.

இப்போது நோட்புக்கை எப்படி ஏற்றுவது, குமிழ் வராவிட்டால் எங்கே பார்ப்பது என்று மற்றவர்களுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு பக்கத்தையும் எனக்குப் படித்துக் காட்டுவாள். கம்பியூட்டர் தெரியாத சீனி அண்ணனுக்குப் புரிந்தால் யாருக்கும் புரியுமாம். போன சனிக்கிழமை நாலாம் பக்கம். ஒரு வரி எனக்குப் புரியவில்லை என்றேன். அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினாள். என் பிரஷர் பார்த்தாள், நூற்று முப்பது. மாற்றிய வரியை மறுபடியும் படித்தாள்.