புலி எச்சமும் வெல்லாவெளிப் பன்றிகளும்

சண்டைக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் பன்றி சுட இருந்த துவக்குகளெல்லாம் பறிபோயிருந்தன. வெல்லாவெளியில் காட்டுப் பன்றிகளுக்குக் கொண்டாட்டம். என் வயலில் கதிர் முற்றும் நேரம்.

நான் விஞ்ஞான வாத்தியார். வரிப்புலி தனியே வாழும், தன் எல்லையை மணத்தால் அறிவிக்கும், அந்த மணம் பட்டால் மற்ற மிருகங்கள் விலகிவிடும் என்று படிப்பித்தவன். கொழும்பில் மிருகக்காட்சிச்சாலையில் வேலை செய்த மச்சானைப் பிடித்து ஒரு மூட்டை புலி எச்சம் வாங்கி, பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

சோதனைச் சாவடியில் மூட்டையில் என்ன என்று கேட்டார்கள். "உரம்" என்று சொல்லித் தொலைத்தேன். குண்டு செய்வார்கள் என்று யூரியாவுக்குத் தடை இருந்த காலம். முழங்கை வரை கையை விட்டுக் கிளறிக் காட்டச் சொன்னான் சிப்பாய். காட்டினேன். அவன் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

வரம்பெல்லாம் தூவினேன். மறுநாள் காலை பார்த்தால், பன்றிகள் அதன்மேலேயே புரண்டிருந்தன. பாதி வயலைக் காணவில்லை.

பக்கத்து வயல்காரர் வந்து குந்தியிருந்து யோசித்தார்.

"வரிப்புலி இந்த நாட்டிலயே இல்லையே சேர். பண்டிக்கு அந்த மணம் என்னெண்டு தெரியும்?"

எந்த வாகனம் இரைந்தால் எங்கே ஒளிய வேண்டும் என்பது என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பன்றிகளுக்கு அப்படி எதையும் யாரும் பழக்கியிருக்கவில்லை. அவற்றைத் திட்ட வாயெடுத்தேன், பொறாமைதான் வந்தது.