பூ கேட்டு எடுத்த சாஃப்ட்வேர்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கடைக்காரர் எடை போடும்போது நான் தராசைப் பார்க்க மாட்டேன், அவர் விரலைத்தான் பார்ப்பேன். அப்படிப்பட்டவனிடம்தான் கீரமங்கலத்தில் நாற்றுப்பண்ணை நடத்தும் என் அக்கா தன் வெப்சைட்டை ஒப்படைத்திருந்தாள்.

போன வருஷம் ஒருநாள், அதிலிருந்த தென்னங்கன்று, பலாக்கன்று படங்களெல்லாம் காணாமல் போய், சீட்டாட்ட விளம்பரம் வந்து நின்றது. பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருத்தி, கட்டுமாவடியிலிருந்து பஸ்ஸில் வந்து, நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றி, கன்றுகளைப் படம் பிடித்து சைட்டில் ஏற்றிக்கொண்டிருந்த பெண். நான் இல்லையென்றால் அவள்தானே? நேராகக் கேட்கவில்லை. ஒரு வாரம் ஜாடைமாடையாகப் பேசினேன். எட்டாம் நாள் அவள் வேலைக்கு வரவில்லை.

"அந்தப் புள்ள அப்படிச் செய்யாதுடா. திரும்பக் கூப்புடப் போறேன்" என்று அக்கா மாதத்துக்கு ஒரு தடவை சொல்வாள்.

"கொஞ்சம் பொறு. புது சாஃப்ட்வேர் போட்டு நானே எல்லாத்தையும் ஏத்துறேன். அதுக்கப்புறமும் சைட்டு கெட்டுச்சுன்னா, அவ செய்யலன்னு ஒத்துக்கிறேன்" என்றேன். ஆக, நான் எடுக்கப்போகும் சாஃப்ட்வேரை நம்பித்தான் அவள் வேலை இருந்தது.

படங்களை சைட்டில் ஏற்றும் பழைய சாஃப்ட்வேர், பாஸ்வேர்டை அஞ்சலட்டையில் எழுதியதுபோலத் திறந்தபடியே அனுப்பும் வகை. பூட்டி அனுப்புகிற ஒன்றுக்கு மாறும்படி முன்பே சொன்னவளும் அந்தப் பெண்தான். அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. இவ்வளவு தெரிந்தவள் ஏன் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்?

கடைசியில் இரண்டு தேறின. ஒன்று இலவசம். சும்மா கொடுக்கிறவன் வேறு எதை எடுத்துக்கொள்வான் என்று யோசித்தேன். மற்றது விலைக்கு. பதினைந்து நாள் சும்மா பயன்படுத்தலாமாம், ஆனால் கார்டு நம்பரை முதலிலேயே கொடுக்க வேண்டுமாம். சரிதான். இரண்டையும் ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தவர்களைப் பார்த்தால் எல்லோரும் ஒரே கையெழுத்துக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். டவுன்லோடு செய்யும் பக்கத்தில் மூன்று பச்சைப் பொத்தான்கள். எது நிஜம், எது விளம்பரம்? இரண்டு வாரம் ஓடிவிட்டது.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இம்புட்டு யோசிக்கலையேடா. வா, அய்யனார்ட்ட பூ கேப்போம்" என்றாள் அக்கா.

முடிவுக்கு வராத காரியத்துக்கு எங்கள் பக்கம் அப்படித்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை என்றால் இலவசம். பொட்டலங்களை நானே மடித்தேன். பூசாரி குலுக்கும்போது அவர் விரலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெள்ளை வந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பண்ணைக்கு வந்து, அந்த இலவச சாஃப்ட்வேரை உருவாக்கியவர்களின் சொந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து இறக்கினேன். அது வெப்சைட்டின் பாஸ்வேர்டைக் கேட்டது.

"அங்கிட்டுத் திரும்பிக்கக்கா."

கூடப்பிறந்தவள் என்றால் மட்டும் என்ன? அக்கா சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினாள். ஆனால் எழுத்துகளை முணுமுணுத்துக்கொண்டே தட்டுவது என் பழக்கம். அக்காவின் சிரிப்பு நின்றது.

"அய்யனார் துணை, அப்பறம் நம்ம பண்ணை போன் நம்பரு. இதாடா பாஸ்வேர்டு?"

"ஆமா."

"நம்ம போர்டுலயே அதானடா எழுதியிருக்கு."

எட்டிப் பார்த்தேன். வாசல் போர்டில் உச்சியில் அய்யனார் துணை, அடியில் போன் நம்பர். கன்றுப் பைகளில் ஒட்டும் சீட்டிலும் அதே வரிசைதான். சைட்டு கெட்ட பிறகும் நான் அதை மாற்றவில்லை. அதிலிருந்து குலசாமி பேரை நீக்கினால் குடும்பத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். யார் புகுந்தது என்று இன்றுவரை தெரியாது. ரோட்டில் போகிற எவனும் புகுந்திருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் பேசிய ஜாடைப் பேச்சு ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தது.

அக்கா போனை எடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "தப்பு எங்க மேலதாம்மா. தெரியாமப் பேசிட்டான் எந்தம்பி. பாஸ்வேர்டை மாத்திர்றோம். வந்துரு."

மன்னிப்புக் கேட்க நானும் போன் பக்கம் குனிந்தேன். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"வாரேங்க்கா. திங்கக்கெழமை வாரேன்" என்றாள் அந்தப் பெண். "புதுப் பாஸ்வேர்டை மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க."