குட்டைப் பகலுக்கு வந்தவர்கள்

மலாய் நாட்டின் மலை ஊரான பிரிஞ்சாங்கில் மளிகைக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி வருடக் கடைசியில் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு நாள்காட்டி கொடுப்பார். முருகன் ஒரு கட்டு, மாதா ஒரு கட்டு. என் முறை வரும்போது இரண்டு கட்டையும் பார்த்துவிட்டு, "ஒனக்கு எதுப்பா?" என்பார். நான் ஓரத்தில் கிடக்கும் மூன்றாவது கட்டிலிருந்து மலையும் ஆறும் படகும் போட்ட ஒன்றை உருவிக்கொள்வேன். "அது மலாய்க்காரவுங்களுக்கு வச்சது. பரவால்ல, எடுத்துக்க" என்று சிரிப்பார்.

என் அப்பா மாரியம்மன் கோயில்காரர். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. ஆடித் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பது அவர்தான், வேறு யாரும் அதைத் தொட முடியாது. என் மனைவி வேதக்கார வீட்டுப் பெண். அவள் அப்பா தோட்டத்துச் சின்னக் கோயிலில் பாதிரியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் சொல்லிக் கொடுப்பவர். ஆட்களின் வரிசை வீடுகளில் அப்பா இருந்தது மேட்டு லயம், மாமா இருந்தது பள்ளத்து லயம். எழுபத்து நான்கில் இரண்டு லயத்துக்கும் சொல்லாமல் நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் பாரம் வரை படித்த முதல் ஆள் நான். அதனால் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாகக் கணக்கு எழுதுகிற வேலை கிடைத்தது. வேலையோடு தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஒரு தனி வீடும் கிடைத்தது. கதவைத் திறந்தால் இரண்டு லயமும் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு லயத்திலிருந்தும் ஒரு சொந்தம்கூட எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

எங்கள் ஆட்கள் சண்டை தீர்ந்தது என்று வாயால் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்து கை நனைப்பார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் போதும், பழையதை யாரும் கிளற முடியாது. சாப்பிடாதவரை எதுவும் முடியவில்லை என்று அர்த்தம். என் மனைவி கேட்டது அவ்வளவுதான். "எங்கம்மா ஒரு தடவ நம்ம வீட்ல கை நனைக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

அவளும் அவள் அம்மாவும் தினமும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தார்கள். பேசிக்கொள்ளவும் செய்தார்கள், இலையைப் பற்றி, மழையைப் பற்றி. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அத்தை தன் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு வேறு பாறைக்குப் போய்விடுவார்.

மூன்று வருடம் நடந்து நின்றுபோன எங்கள் வீட்டுப் பண்டிகை இந்தக் கை நனைப்பதற்காக உண்டானது. மகளுக்கு அப்போது நான்கு வயது, மகன் கைக்குழந்தை. தீபாவளிக்கு மேட்டு லயம் முழுக்க விளக்கு, கிறிஸ்மஸுக்குப் பள்ளத்து லயம் முழுக்கக் காகித நட்சத்திரம். இரண்டையும் சன்னலில் நின்று பார்ப்பாள். "அப்பா, நம்ம வீட்டுக்கு எப்ப பண்டிகை?"

யாருடைய சாமியும் இல்லாத நாள் ஒன்றைத் தேடினேன். பள்ளிக்கூடத்துப் பூகோளத்தில் படித்தது நினைவு வந்தது. டிசம்பர் இருபத்திரண்டு, வருடத்தில் பகல் மிகக் குட்டையான நாள். மறுநாளிலிருந்து பகல் மெல்ல நீளும். இதில் சண்டை போட என்ன இருக்கிறது? விபூதி இல்லை, சிலுவை இல்லை. சூரியனை இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்பினேன்.

ஒரு முட்டைக்கோசை எடுத்து, டார்ச் விளக்கை அடித்து, பூமி எப்படிச் சாய்ந்து சுற்றுகிறது என்று பிள்ளைக்குக் காட்டினேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தாள்.

"ஒங்கப்பா வீட்ல தீவாளி, எங்கப்பா வீட்ல கிறிஸ்மஸ், நம்ம வீட்ல இருட்டா?"

"இருட்டு இல்ல. இருட்டு முடியற நாள்."

"இங்க மூணு மணிக்கே பனி மூடிக்குது. எந்த நாள் குட்டை, எந்த நாள் நெட்டைன்னு யாருக்குத் தெரியும்? சரி, அந்த முட்டைக்கோச குடுங்க, கொழம்பு வைக்கணும்."

ஆனாலும் பலகாரத்தை அவள்தான் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோலா தெர்லாவில் ஒரு சீனர் தோட்டத்தில் கீரை பிடுங்கப் போவாள். அந்தத் தவுக்கே முதலாளியின் மனைவி டிசம்பரில் ஒரு நாள் பசையரிசி மாவில் சின்னச் சின்ன உருண்டை பிடித்து, இஞ்சிச் சர்க்கரைத் தண்ணீரில் வேகவைத்து எல்லாருக்கும் கொடுப்பாராம். வெள்ளை, ரோஸ் என்று இரண்டு நிறம். அதைச் சாப்பிட்டால் ஒரு வயது கூடுமாம். விசாரித்தால் அதுவும் அதே நாள். அவர்களுக்கும் அன்றுதான் குட்டைப் பகல். குளிருக்கு இஞ்சி நல்லது என்று இவளும் அதையே பிடித்தாள்.

நாங்கள் வைத்துக்கொண்ட சடங்கு ஒன்றே ஒன்று. சாயங்காலம் வாசற்படியில் எல்லாரும் உட்கார வேண்டும். விளக்குப் போடக் கூடாது. 'இருட்டிருச்சி' என்று சரியான நேரத்தில் யார் முதலில் சொல்கிறார்களோ அவர்களுக்கு முதல் கிண்ணம். முன்கூட்டிச் சொன்னால் ஆட்டம் காலி. மகள் இதை உயிராகப் பிடித்துக்கொண்டாள். "குட்டைப் பகல் எப்ப வரும்?" என்று ஆறு மாதத்துக்கு முன்பே கேட்க ஆரம்பித்துவிடுவாள்.

முதல் வருடம் அப்பாவைக் கவ்வாத்து மலையில் பார்த்துக் கூப்பிட்டேன். கத்தியைத் தீட்டிக்கொண்டே, "எந்த அம்மனுக்கு?" என்றார்.

"அம்மனுக்கு இல்லப்பா. பொழுதுக்கு."

"பொழுதுக்கா."

மறுபடி கத்தியைத் தீட்டினார். மனைவி நிரையில் வைத்துத் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். "வேல நேரத்துல பேசாத, கங்காணி பாக்கறான்" என்று பதில் வந்தது. குட்டைப் பகல் அன்று எங்கள் நால்வருக்கு வேண்டியதற்கு மேல் கிண்ணங்களை எடுத்து வைத்தாள். யாரும் வரவில்லை. இரண்டாம் வருடமும் அப்படியே. மிஞ்சிய உருண்டைகள் காலையில் இறுகிப் போய்க் கிடக்கும். அவற்றைச் சுடவைத்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவோம்.

மூன்றாம் வருடம், எண்பத்தொன்றில், அத்தைக்கும் மாமாவுக்கும் வேலை முடிகிற வயது வந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். புது வருடம் பிறந்ததும் பீடோர் பக்கம் ரப்பர்க் காட்டில் இருக்கும் மகனோடு போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. மலையை விட்டு இறங்கினால் இனி ஏற மாட்டார்கள். "இந்தக் குட்டைப் பகலுக்கு வரலன்னா அவ்ளோதான்" என்றாள் மனைவி. அந்த வருடம் இரண்டு மடங்கு அரிசி ஊறவைத்தாள்.

அவர்கள் வந்தார்கள்.

பனியில் மூன்று உருவங்கள் மேடேறி வந்ததை மகள்தான் முதலில் பார்த்தாள். என் அப்பாவும் மாமாவும் பக்கத்துப் பக்கத்தில் நடந்து வந்தார்கள். ஏழு வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். பின்னால், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு அத்தை. மனைவி அடுப்பை விட்டு ஓடி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் அப்பாவை "வாங்க மாமா" என்றாள், தன் அப்பாவை "வாங்கப்பா" என்றாள்.

"உள்ள வரல" என்றார் என் அப்பா. "பேசிட்டுப் போறோம்."

"ஆமா, நின்னே பேசிக்கலாம்" என்றார் மாமா.

"தாத்தா, இன்னும் இருட்டல. ஒக்காருங்க, யாரு மொதல்ல சொல்றாங்கன்னு பாக்கலாம்" என்றாள் மகள். எந்தத் தாத்தாவைச் சொல்கிறாள் என்று தெரியாமல் இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். யாரும் உட்காரவில்லை.

அப்பா என்னிடம் திரும்பினார். "ஏன்டா, நீ படிச்சவன்தானே. சீனன் சாமிக்கு உருண்ட புடிச்சிப் படைக்கிறியாமே. காலப் பெரட்டுல வரிசையா நிக்கற ஆளுங்கள்லாம் கேக்கறானுங்க, கிராணி எப்ப மதம் மாறுனாருன்னு."

"படைக்கலப்பா. சாப்புடறோம்."

"தவுக்கே பொண்டாட்டிதான் சொல்லிக் குடுத்தாளாம்லா" என்றார் மாமா. "இன்னிக்கி உருண்ட. நாளைக்கி ஊதுபத்தி குடுப்பா, வாங்கிக் கொளுத்துவீங்க."

நான் சூரியனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பூமி சாய்வாகச் சுற்றுவதைச் சொன்னேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பூமி சாஞ்சா சாயட்டும். புள்ளைங்க சாயக் கூடாது."

"ஐயா சொல்றதுதான் சரி" என்றார் மாமா.

எங்களுக்காகச் செய்யாததை அந்த உருண்டைகளுக்கு எதிராகச் செய்துவிட்டார்கள். இதற்குச் சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். மனைவி சிரிக்கவில்லை. "சரி, நாங்க இத விட்டுர்றோம். புள்ளைங்க எந்தப் பக்கம் வரணும்? ரெண்டு பேரும் ஒரு வார்த்தையா சொல்லுங்க, இப்பவே அனுப்பறேன்" என்றாள்.

இதை அவர்கள் வழியில் பேசிக்கொள்ளவில்லை போலும். அப்பா கனைத்துக்கொண்டார். "பொங்கலுக்கு எங்க ஊட்டுக்கு வரட்டும். சூரியனுக்குத்தானே பொங்கல். அப்பறம் கோயில்ல மொட்ட போட்டுக் காது குத்திரலாம்."

"மொட்டயா?" என்றார் மாமா. "மொதல்ல ஞானஸ்நானம் குடுக்கணுங்க. அது இல்லாம புள்ளைங்கள எப்படி விடறது?"

"என்னாது?"

"ஞானஸ்நானம்."

"எங்கூட்டுப் புள்ளைக்கி நீ தண்ணி ஊத்துவியா?"

அதற்கு மேல் அவர்கள் எங்களோடு பேசவில்லை, தங்களுக்குள் பேசினார்கள். கல்யாணத்தன்று பேசியிருக்க வேண்டியதெல்லாம் எங்கள் வாசலில் வந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மனைவி ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அத்தை வாசலுக்குக் கீழே கால்வாய் ஓரத்திலேயே நின்றிருந்தார்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு."

அத்தை கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திப் பிடித்தார். ஆவி அவர் முகத்தில் பட்டது. கொழுந்துக் கறை ஏறிய விரல்கள், குளிரில் வெடித்திருந்தன.

"சூடா இருக்கு" என்றார்.

"ஆறட்டும். நின்னு சாப்புடுங்க."

"இஞ்சி போட்டியா?"

"போட்டேன்."

அவர் தலையசைத்தார். மனைவி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி குறைந்துகொண்டே வந்தது. அப்போது மாமா படியோரத்திலிருந்து திரும்பி, "ஏய், வா" என்றார்.

அத்தை கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார். "புள்ளைங்களுக்குக் குடு."

மாமா பள்ளத்துக்கும் அப்பா மேட்டுக்குமாகத் தனித்தனியே போனார்கள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த மகன் அப்போதுதான், "இருட்டிருச்சி" என்றான். அவனுக்கு மூன்று வயது. சரியான நேரத்தில் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். மனைவி அந்தக் கிண்ணத்தையே அவனுக்குக் கொடுத்தாள்.

அந்த ஜனவரி ஒன்றாம் தேதி அரசாங்கம் எங்கள் பக்கத்துக் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னால் தள்ளியது. கிழக்குக் கரை, மேற்குக் கரை, மலை, எல்லா இடத்துக்கும்தான். மேனேஜர் துரை ஆபீஸ் கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொன்னார், வைத்தேன். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு நேரம் மாறவில்லை. அதாவது ஆட்கள் அரைமணி முன்னதாக எழுந்து, நல்ல இருட்டில் களத்துக்கு வந்து நிற்க வேண்டியிருந்தது. மகள் பாயில் கிடந்தபடியே, "அப்பா, பகல் நீளும்னு சொன்னீங்க" என்றாள். நீளத்தான் செய்தது, மாலைப் பக்கம். காலையில் எழுந்து பார்க்கிற பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது?

மாமா வீட்டுச் சாமான்களை ஏற்றிய லோரி அந்த வாரத்திலேயே புறப்பட்டது. எந்த நாள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள், நான் டார்ச் பிடித்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பள்ளத்து லயத்துப் பக்கமிருந்து லோரி முனகிக்கொண்டு ஏறி வந்தது. பழைய நேரமாக இருந்தால் அந்தப் பொழுதுக்கு ஆள் முகம் தெரியும். இப்போது இரண்டு விளக்கும் எங்கள் கண்ணில் அடித்தன. எல்லாரும் முகத்துக்கு நேரே கையைத் தூக்கினார்கள். அலமாரியின் நிழலும் கோழிக்கூண்டின் நிழலும் கடந்து போயின. லோரி நிற்கவில்லை. சத்தம் பிரிஞ்சாங் சாலைக்குத் திரும்பித் தேய்ந்தது.

மனைவி வரிசையை விட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"எங்கம்மா முன்னால இருந்தாங்களா, பின்னாலயா?"

"முன்னாலதான் இருந்திருப்பாங்க."

"பாத்தீங்களா?"

"இல்ல."

கங்காணி அன்று கொழுந்து எடுக்க வேண்டிய மலையின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு போனாள்.