இடப்பக்கக் காற்று

ஒயர் கூடையின் அடியில் சாப்பாட்டு டப்பா, அதன் மேல் மடித்த துண்டு, துண்டின் மேல் புத்தக அளவேயான கம்ப்யூட்டர். இந்த வரிசை ஒருநாள் மாறிப்போய், புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே புளிக்குழம்பு ரப்பர் பொத்தான்களுக்குள் இறங்கிவிட்டது. வெங்கடலட்சுமி பதறவில்லை. பொத்தான்களைக் கழற்றி, ரேணிகுண்டா பிளாட்பாரக் குழாயில் அலசி, ரயில் ஜன்னல் காற்றில் காயவைத்துக்கொண்டே திருப்பதி வந்து சேர்ந்தாள். இன்றைக்கும் அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் விரலில் லேசாக ஒட்டும். “கொழம்பு துன்ன கம்ப்யூட்டரு, ஒடம்பு கெட்டியாத்தான் இருக்கும்” என்பாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் கங்கையாவின் வீடியோ கேம்ஸ் ஹாலில் டோக்கன் கொடுக்கிறாள், ஒன்பது வருஷமாக. தரிசன நேரத்துக்குக் காத்திருப்பவர்களும், மொட்டையில் சந்தனம் காயாமல் மலையிலிருந்து இறங்கியவர்களும், உள்ளூர் ஆட்டோக்காரர்களும் வந்து ஆடுவார்கள். இந்த ஒன்பது வருஷத்தில் அவள் ஒரு டோக்கனைக்கூடத் தனக்கென்று போட்டதில்லை. பார்ப்பாள். ஆடுகிறவன் திரையைப் பார்ப்பான். இவள் திரையையும் அவன் முழங்கையையும் சேர்த்துப் பார்ப்பாள்.

ஹாலின் உயிர் என்றால் அது கொக்கு மெஷின்தான். நெட்டுக்குத்தாக நிற்கும் பெட்டி, உயரமான திரை. மேலிருந்து மீன்கள் விழும். கீழே ஒரு கொக்கு இடமும் வலமும் பறந்து பிடிக்க வேண்டும். நடுவே பருந்துகள் பாயும். பெட்டியின் நெற்றியில் ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. போன மாசியில் மெஷினின் உள்பலகை கருகிப்போனது. மெட்ராஸில் கேட்டால், அந்தச் சாமான் வருவதே நின்றுவிட்டது என்றார்கள். லாட்ஜுக்கு லாட்ஜ் கேபிள் டிவி வந்துவிட்டிருந்த சமயம். கங்கையாவுக்கு ஹாலை மூடிவிட்டு, யாத்ரீகர்கள் பெட்டி படுக்கையை வைத்துப்போகும் லக்கேஜ் ரூமாக மாற்றலாம் என்று யோசனை வந்தது.

அதே மாதம் சித்தூரில் ஒரு பள்ளிக்கூடம் புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கி, பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களை எடைக்குப் போட்டது. டிவியோடு இணைத்து, கேசட்டிலிருந்து ஏற்றிக்கொள்ளும் சின்ன வகை. வெங்கடலட்சுமி ஒரு விடுமுறையில் போய் நாலைக் கைப்புத்தகத்தோடு வாங்கி வந்தாள். அதில் கொக்கு ஆட்டத்தைத் தானே எழுதி, செத்த மெஷினின் கூட்டுக்குள் வைப்பதாகச் சொன்னாள். இண்டர் என்கிற பிளஸ் டூவில் கணக்கு, சாயங்கால வகுப்பில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பு, இவ்வளவுதான் அவள் கையிருப்பு. கங்கையா சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை. பிரம்மோற்சவம் வரைக்கும் கெடு வைத்தார். “ஜனம் வந்தா ஹாலு. ராலேதா, லக்கேஜ் ரூமு. அந்தே, அம்மாயி.” வராவிட்டால் லக்கேஜ் ரூம், அவ்வளவுதான்; அப்போது அவளுக்கும் வேலை இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. புத்தூரிலிருந்து பெங்களூர் தையல் கம்பெனிகளுக்கு அப்போது வாரம் ஒரு வேன் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அதில் ஓர் இடம் தனக்கும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

மெஷின் சாவதற்கு இரண்டு மாதம் முன்பே, அது திணறத் தொடங்கியபோதே, அவள் அதை அளந்து வைத்திருந்தாள். அளந்தது கடிகாரத்தால் அல்ல, தறியால். அவள் நைனா கூலிக்கு ஓட்டும் விசைத்தறிக் கொட்டகை வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம். பிறந்ததிலிருந்து கேட்ட அடி, நொடிக்கு இரண்டு, உடம்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். டோக்கன் ஜன்னலுக்குப் பின்னால் சுண்டுவிரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே நோட்டில் குறித்தாள்: மீன் மேலிருந்து கீழே வர ஏழு அடி. பருந்து பாய்வதற்கு ஓரடி முன்னால் ஒரு ‘டக்’. கொக்கு வலப்பக்கம்: தொட்டவுடன். இடப்பக்கம்: அரை அடி தாமதம்.

அந்த அரை அடி அவளை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பிறகு திரையின் ஓரத்தில் வரைந்திருந்த இரண்டு பனைமரங்களைக் கவனித்தாள். இரண்டும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. அப்படியானால் இடப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. எதிர்காற்றில் கொக்கு கிளம்ப நேரமாகத்தானே செய்யும்? இதை யோசித்த முகம் தெரியாத ஆளை நினைத்து அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

எழுத நாலு மாதம் பிடித்தது. மெஷினின் திரை உயரம். டிவியின் திரை அகலம். அதனால் பதினாலு அங்குலக் கறுப்பு வெள்ளை டிவியை ஒருக்களித்துக் கிடத்தி, ஆட்டம் முழுவதையும் படுத்தவாக்கில் எழுதினாள். எண்கள்கூடப் படுத்திருக்கும். நிறத்துக்குப் பூமாலைக் கடையில் சுற்றும் கலர்த்தாள் வாங்கி, மேலே சிவப்பும் கீழே நீலமுமாகக் கண்ணாடியில் ஒட்டினாள். பழைய ஹேண்டில் ஆட்டம் கண்டிருந்ததால் புதிதாக ஒன்று பொருத்தினாள். ஆடியில் பெட்டி மறுபடி எழுந்து நின்றது. கொக்கு மட்டும் நொண்டியது. அந்தச் சின்னக் கம்ப்யூட்டரால் அத்தனையையும் சுமக்க முடியவில்லை.

இங்கேதான் அவள் வேலை செய்யும் விதம் தெரிய வந்தது. நாளுக்கு ஒன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள், யாரிடமும் சொல்லாமல். திங்கட்கிழமை நிலாவை எடுத்தாள், யாரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை சிறகோசை போனது, யாரும் கேட்கவில்லை. பனைமரங்கள் போயின. ஆறு பருந்தில் ஒன்று போனது. இன்னொன்றையும் எடுத்த அன்று, தினமும் மதியச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிஷம் ஆடும் ஆட்டோக்காரர் நாகபூஷணம், “இன்னாம்மா, இன்னைக்குப் பசங்க ஆட்டம் மாதிரி கீது” என்றார். மறுநாள் ஐந்தாவது பருந்து திரும்பி வந்தது. பாய்ச்சலுக்கு முந்தைய ‘டக்’கை அவள் தொடவே இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் சத்தம் எழுப்பும்போது வேறு வேலை பார்க்காது. இருந்தும் அதற்கு இடம் ஒதுக்கினாள். “எவன் கண்ணால ஆடறான்? எல்லாம் காதால ஆடிக்கினு இருக்கானுங்கோ.”

இத்தனையையும் கழற்றிவிட்டாயே, என்னதான் மிச்சம் என்று கங்கையா கேட்டபோது அவள் சொன்னாள்: “மரத்த உட்டுட்டேன் சார். காத்த உடல.”

நாகபூஷணம் நெடிய மனிதர். இடப்பக்கம் போகும்போது இடுப்பிலிருந்து சாய்வார், பின்னால் நிற்பவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். புதுக் கொக்குக்கும் அதே சாய்வு சாய்ந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள்.

பிரம்மோற்சவத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது முனிகிருஷ்ணன் வந்தான். புத்தூர்க்காரன், ஒரு காலத்தில் கொக்கு மெஷினில் அவனை வெல்ல ஆள் இல்லை, மூன்று வருஷமாகக் குவைத்தில் ஏசி மெக்கானிக். மலைக்குப் போய் முடி இறக்கிவிட்டு, பளபளக்கும் தலையோடு நேராக ஹாலுக்கு வந்திருந்தான். ஆடினான். கூட்டம் கூடிவிட்டது. முடித்துவிட்டுப் பெட்டியைத் தட்டிக்கொடுத்தான்.

“யக்கா, அந்த டக்கு சத்தம்கூட உடாம வச்சிக்கீறியே, ஒன்னிய இன்னா சொல்றது. ஆனா லெஃப்ட்டு ஏன் லேட்டாப் போவுது?”

“காத்து” என்றாள் வெங்கடலட்சுமி. மரங்களைப் பற்றியும் சொன்னாள்.

முனிகிருஷ்ணன் மொட்டையைத் தடவிக்கொண்டான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. “குவைத்துல இதே மெஷினு ரெண்டு கீதுக்கா. வாரா வாரம் ஆடறேன். மரம் கீது. காத்து இல்ல. லெஃப்ட்டும் ரைட்டும் ஒண்ணுதான். இங்க ஹேண்டிலு தேஞ்சி கெடந்திச்சி. அதுக்குத்தான் நாங்கோ எல்லாம் சாஞ்சி சாஞ்சி ஆடினோம்.”

அவன் போன பிறகு, அலமாரிக்குக் கீழே தினத்தாளில் சுற்றி வைத்திருந்த பழைய ஹேண்டிலை எடுத்துப் பிரித்தாள். வலப்பக்கத் தகடு பளிச்சென்று இருந்தது. இடப்பக்கத் தகடு கருகி, பின்னால் வளைந்து, எட்டாத தூரத்தில் நின்றது. நகத்தால் நிமிர்த்தி, தீப்பெட்டியின் உரசுபக்கத்தில் தேய்த்து, தள்ளிப் பார்த்தாள். தொட்டவுடன் ‘டிக்’ என்றது. மறுபடி தள்ளினாள். டிக். டோக்கன் கேட்டு ஜன்னலில் கை நீட்டியவரை அவள் கவனிக்கவில்லை.

திருத்துவது சுலபம். ஆட்டத்தில் அந்த அரை அடியைப் பிடித்துவைப்பது ஒரே ஓர் எண், பன்னிரண்டு. அதுதான் காற்று. அதை அழித்து ஜீரோ போட்டாள். தெரிந்த பிறகு தப்பை விட்டுவைக்க அவளுக்குக் கை வரவில்லை.

மறுநாள் நாகபூஷணம் வந்து சாய்ந்தார். சாய்ந்து முடிப்பதற்குள் கொக்கு ஓடிப்போய்ப் பருந்தின் வாயில் விழுந்தது. மூன்று டோக்கன், மூன்று சாவு. கொக்குக்குப் பைத்தியமா, நான் நினைப்பதற்கு முன்னால் ஓடுகிறதே என்று கேட்டார். அவள் ஹேண்டில் கதையைச் சொல்லி, அசல் ஆட்டம் இப்படித்தான், குவைத்தில் இப்படித்தான் ஆடுகிறார்கள் என்றாள். அவர் சாவியைக் காதில் விட்டுக் குடைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்போ டோக்கன அங்கியே வித்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரோடு அவர் ஆட்டோ ஸ்டாண்டே போனது. வெளியூர்க்காரர்கள் ஒன்றிரண்டு பேர் ஆடினார்கள், ஆனால் பக்கத்தில் நின்று கத்த ஆளில்லாத மெஷினில் யாரும் இரண்டாவது டோக்கன் போடுவதில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஒருவர் டேப்போடு வந்து சுவரை அளந்தார். எத்தனை அடுக்குப் பலகை அடிக்கலாம் என்று வாய்விட்டு எண்ணினார். கங்கையா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவள் பக்கம் திரும்பாமல்.

அன்றைய ரயிலில் கம்ப்யூட்டர் மடியில் இருந்தது. அசலுக்கு உண்மையாக இருந்தால் பெங்களூர் வேன். இல்லையென்றால், தேய்ந்த தகட்டை எழுதியவள் என்று காலமெல்லாம் தனக்கு மட்டும் தெரியும். நோட்டைத் திறந்து பழைய கணக்கைப் படித்தாள். ‘இடப்பக்கம்: அரை அடி.’ எந்தத் தேசத்து மெஷினையும் அவள் பார்த்ததில்லை. அவள் பார்த்தது இந்தச் சந்தில் நின்ற ஒரே மெஷின், அதன் முன்னால் சாய்ந்த முழங்கைகள். புத்தூரில் இறங்கும்போது சுண்டுவிரல் தானாகத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய், தறிச் சத்தத்தில், ஜீரோவை அழித்துவிட்டுப் பன்னிரண்டு போட்டாள்.

நாகபூஷணத்தை அவளே ஆட்டோ ஸ்டாண்டில் போய்ப் பார்த்தாள். என்ன சொன்னாளோ, மதியம் ஹால் வாசலில் நின்று உள்ளே வராமலே கேட்டார்: “காத்து வந்துட்ச்சா?”

வந்துவிட்டது என்று தலையசைத்தாள். அவர் ஆடினார். இடப்பக்கம் சாய்ந்தபோது பின்னால் நின்ற இரண்டு பேர் ஒதுங்கினார்கள். கருட சேவையன்று வரிசை சந்து முனைவரை நின்றது; யார் எவர் என்று தெரியாத வெளியூர் மொட்டைகள்கூட, முன்னால் ஆடுகிறவரைப் பார்த்துத் தாங்களும் சாய்ந்தார்கள். டேப்காரர் அடுத்த சந்தில் இடம் பார்த்துக்கொண்டார். கங்கையா பாராட்டெல்லாம் சொல்லவில்லை. ஓரமாகக் கிடந்த இன்னொரு செத்த பெட்டியைத் துடைத்து, அவள் ஜன்னலுக்கு எதிரே இழுத்துப் போட்டுவிட்டு, “தீன்னி எப்புடு?” என்று மட்டும் கேட்டார். இது எப்போது என்று அர்த்தம்.

உற்சவம் முடிந்த மறுநாள் காலை, ஷட்டர் பாதி திறந்திருக்க, வெங்கடலட்சுமி கொக்குப் பெட்டியின் கண்ணாடியைக் கழற்றிக் கவுண்டரில் கிடத்தினாள். நம்பர் பிளேட் எழுதுகிறவரிடம் வாங்கி வந்த கறுப்புப் பெயிண்டில் மெல்லிய பிரஷ்ஷைத் தோய்த்து, கண்ணாடியின் ஓரத்தில் இரண்டு பனைமரங்களை வரைந்தாள். வலப்பக்கம் சாய்ந்த மரங்கள். கண்ணாடியை நிமிர்த்தி, ஆடுகிறவன் நிற்கும் இடத்தில் போய் நின்று பார்த்தாள். சாய்வு போதவில்லை. பெயிண்ட் காய்வதற்குள் முந்தானை நுனியால் ஒரு மரத்தைத் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சாய்த்து வரைந்தாள்.