கறிக்குப் போடும் மஞ்சள்

மண்முனைத் துறையில் ஓடத்துக்குக் காத்திருந்த வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். ஒடுங்கிய முகம். மஞ்சள் கறை ஏறிய விரல்நுனிகள். அடையாள அட்டையின் உறைக்குள் ஒரு பத்திரிகைத் துண்டு வைத்திருந்தார். அதை எடுத்து வாசிப்பார், மடித்து வைப்பார், மறுபடியும் எடுப்பார்.

போர்க்காலம் அது. அனுமதிக் கடிதம் இல்லாமல் மருந்து எதையும் வாவியின் மறுகரையான படுவான்கரைக்குக் கொண்டுபோக முடியாது. சோதனைச் சாவடியில் இராணுவத்தான் அவருடைய பையிலிருந்த மஞ்சள்தூளைக் கிளறிப் பார்த்து, "மருந்தா?" என்று கேட்டான்.

"இல்ல ஐயா, கறிக்குப் போடுறது."

ஓடத்தில் ஏறியதும் அந்தத் துண்டை என்னிடம் நீட்டினார். மஞ்சளில் உள்ள ஒரு பொருள் குடல் புற்றுநோய்க் கலங்களை அழிக்கிறதாம். அவருடைய மனைவிக்கு அந்த நோய்தான். ஆஸ்பத்திரியில் கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள்; பாதை திறக்கவில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அதே செய்தியை முழுதாக வாசித்தவன். வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணன், இது கண்ணாடித் தட்டில வளர்த்த கலங்களில செய்து பார்த்தது. மனிசரில இன்னும் பார்க்கல்ல எண்டு கடைசி வரியில போட்டிருந்தாங்களே."

"தெரியும் சேர்," என்றார் மெதுவாக. "அந்த வரிய நாந்தான் வெட்டி எடுத்த. அவவும் இத வாசிப்பா."

துண்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பார்த்தேன். துண்டின் கீழ் விளிம்பு, அடிமட்டம் வைத்து வெட்டியதுபோல், அவ்வளவு நேராக இருந்தது.